பசளை மூட்டையைத் தேடுமுன்

வேளாண்மை மஞ்சளடித்தால் நாம் முதலில் சொல்வது, "பசளை காணாது" என்பதுதான். பலவேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் மண்ணில் கட்மியம் கூடினாலும் இலை மஞ்சளாகும், வேர் குறுகும்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் விளங்கப்படுத்துவேன். இலை வெயிலில் உணவு தயாரிக்கும்போதே ஐதரசன் பெரொட்சைட்டு போன்ற, கலத்தைச் சிதைக்கும் பொருட்களும் உண்டாகின்றன. குளுட்டாதயோன் முதலியவற்றைக் கொண்டு பயிர் அவற்றை அடக்கிக்கொள்ளும். வேர் வழியாக கட்மியம் நுழைந்தால் அதைக் கட்டிப்போடவும் அதே குளுட்டாதயோன்தான் செலவாகிறது. ஒரே சம்பளத்தில் இரண்டு வீட்டுச் செலவு பார்ப்பது போல. கையிருப்பு குறைய, கல மென்சவ்வு சிதையும், பச்சையம் குறையும். இதுதான் ஒட்சியேற்றத் தகைப்பு.

கட்மியம் கொஞ்சமாக இருந்தால் பயிர் வெளியே காட்டாது. ஆனால் நெல்மணிக்குள் போய்விடும். ஜப்பானின் ஜின்சு ஆற்றோரம் சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த சோற்றை உண்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகம் பழுதாகி எலும்புகள் முறிந்தன. கட்மியமே காரணமென 1968இல் அந்நாட்டு அரசு அறிவித்தது.

டீ.எஸ்.பி. தயாரிக்கும் பொஸ்பேற்றுப் பாறையிலும் இயற்கையாகவே கட்மியம் உண்டு. சுரங்கத்துக்குச் சுரங்கம் அளவு மாறும். நம் வயலெல்லாம் நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. மண்ணில் சேர்ந்தது எளிதில் போகாது என்கிறேன். எனவே பெரும்போகத்துக்கு முன் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு மண்ணைப் பரிசோதிப்போம். தேவையான அளவே போடுவோம். பழைய பற்றரிகளை வாய்க்காலில் எறியாதிருப்போம்.