பாபகூரா பிளாட்பாரத்துப் பேச்சு

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் பாபகூரா ரயில் நிலையத்தின் தெற்குக் கோடியில் ஞாயிறு காலை கொஞ்ச நேரம் நின்றால், வண்டி ஏற வராதவர்கள் யார் என்று தெரிந்துவிடும். கையில் பிளாஸ்க் இருக்கும், கழுத்தில் கேமரா தொங்கும். மின்ரயில் வந்து நிற்கும், கதவு திறக்கும், மூடும், அவர்கள் அசையமாட்டார்கள். தெற்கே சிக்னல் நிறம் மாறினால் மட்டும் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பும்.

நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சு மின்கம்பியைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஆக்லாந்தின் புறநகர் மின்பாதை பல ஆண்டுகள் பாபகூராவோடு நின்றது. அதற்குத் தெற்கே புக்கெகோஹே போக இறங்கி டீசல் வண்டி மாற வேண்டியிருந்தது. அந்த 19 கிலோமீட்டருக்கும் கம்பி இழுத்து 2025 பிப்ரவரியில் மின்ரயில் விட்டுவிட்டார்கள். அதோடு பேச்சு முடிந்திருக்கலாம், முடியவில்லை. ஹாமில்டனிலிருந்து தெற்கே பாமர்ஸ்டன் நார்த் வரை 1988லேயே மின்மயமாகிவிட்டது. புக்கெகோஹேவுக்கும் ஹாமில்டனுக்கும் இடையில் மட்டும் கம்பி இல்லை. அந்த இடைவெளியை எப்போது அடைப்பார்கள் என்பதுதான் இந்தப் பிளாட்பாரத்தில் தினப்படி வழக்கு. ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருக்கிறார்கள்.

"உங்கள் ஊர் எது?" என்றார் நரைத்த தாடிக்காரர் ஒருவர். சென்னை என்றேன். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர்கேஜ் பாதையில் 1931லேயே மின்ரயில் ஓடியது என்று சொன்னதும் பிளாஸ்க் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். ஆக்லாந்தில் பயணிகளுக்கு மின்ரயில் வந்தது 2014 ஏப்ரலில்தான். "மேலே கம்பியா, கீழே மூன்றாவது தண்டவாளமா? எத்தனை வோல்ட்?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. மேலே கம்பிதான், முதலில் 1500 வோல்ட் டிசி, பிறகு 25,000 வோல்ட் ஏசி. "இதோ இதுவும் 25,000தான்" என்று தலைக்கு மேல் காட்டினார். அந்த நொடியிலிருந்து நான் அவர்களில் ஒருவன். பெயரை யாரும் கேட்கவில்லை.

இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்து வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு. அவர் வீட்டுக் கராஜில் கார் நிறுத்த இடமில்லை. கதவைத் தூக்கினால் இடுப்பு உயரத்தில் சுவரோரமாக ஒரு பலகை, அதன் மேல் தண்டவாளம், பனைமரங்கள், ஓட்டுக் கூரை போட்ட ஒரு ஸ்டேஷன்: காங்கேசன்துறை.

"கவனம் தம்பி, கையை அதிலை ஊண்டாதையும். பசை காயேல்லை."

மாதிரி ரயில் செய்கிறவர்களுக்கு முதல் தலைவலி அளவு. நியூசிலாந்துக்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. இவர்களுடைய பாதை 1067 மில்லிமீட்டர் அகலம். அதை 64ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 16.7 வருகிறது. உலகமெங்கும் கடையில் கிடைக்கும் மாதிரி ரயில் தண்டவாளத்தின் அகலம் 16.5. இதைவிடப் பொருத்தம் வேண்டாம். இடம் குறைவு என்றால் 120ல் ஒரு பங்காகச் சுருக்கலாம்; அதற்கு 9 மில்லிமீட்டர் தண்டவாளம் கச்சிதமாக உட்காரும். அதனால்தான் இந்த நாட்டில் 1:64, 1:120 என்ற இரண்டு அளவுகளும் வேர்பிடித்தன. நம் மீட்டர்கேஜும் தப்பித்துக்கொள்ளும்: 87ல் ஒரு பங்கு என்றால் 11.5; சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளை மாதிரி செய்கிறவர்களுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போதும்.

இலங்கையும் இந்தியாவும் வைத்திருக்கும் அகலப்பாதைதான் கஷ்டம். 1676 மில்லிமீட்டரை 76ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 22 வருகிறது. அந்த அகலத்தில் கடையில் தண்டவாளம் கிடைப்பதில்லை. ஆகவே அண்ணை தன் கையாலேயே போடுகிறார். செம்புத் தகடு ஒட்டிய பட்டைகளைத் தீக்குச்சி அகலத்துக்கு வெட்டி, வரிசையாக ஸ்லீப்பர் மாதிரி ஒட்டி, ஒரு பக்கத் தண்டவாளத்தை ஈயப்பற்று வைத்துப் பிடிக்க வைக்கிறார். பிறகு 22 மில்லிமீட்டருக்கு அராவி எடுத்த பித்தளைக் கட்டையை அணைத்து வைத்து மறுபக்கத்தைப் பற்றவைக்கிறார். ஒரு முழம் பாதைக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். அன்று என் கண்முன்னால் ஒரு இடத்தில் தண்டவாளம் மயிரிழை விலகியது. நான் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. அவர் விரல் நகத்தால் தடவியே கண்டுபிடித்தார். ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"பழைய ஸ்டேஷன் எப்பிடி இருந்ததெண்டு எனக்கு முழுக்க ஞாபகமில்லை. ஆக்களைக் கேட்டுக் கேட்டுத்தான் கட்டுறன்" என்றார்.

வடக்கே போகும் யாழ்தேவி ரயில் 1956ல் ஓடத் தொடங்கியது. 1990ல் வடக்குக்கான ரயில் நின்றது. பாதையே பெயர்த்தெடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு வண்டி திரும்பி வந்தது 2014 அக்டோபரில், காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில். நடுவில் ஒரு தலைமுறை ரயிலைப் பார்க்காமலேயே வளர்ந்துவிட்டது. போருக்கு முந்திய ஸ்டேஷனின் முழு வரைபடம் அண்ணையின் கையில் இல்லை. அவரிடம் இருப்பது ஆட்கள். ஞாயிறு பின்னேரம் மூன்று நான்கு யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் இந்தக் கராஜுக்கு வருவார்களாம். ஒருவர் கன்ரீன் இடப்பக்கம் என்பார், இன்னொருவர் இல்லையென்று அடித்துச் சொல்வார். சாட்சிக்குக் கனடாவில் இருக்கும் மச்சானுக்கு போன் போகும். தண்ணீர்த் தொட்டி எங்கே இருந்தது என்று மட்டும் ஒரு மாலை முழுக்க வாதம் நடந்திருக்கிறது. கடைசியில் ஒருவருடைய அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தத் தொட்டியின் நிழலில் நின்று வண்டி பார்த்ததாகச் சொல்ல, வெயில் விழும் பக்கத்தை வைத்து இடத்தை முடிவு செய்தார்கள். பலகையில் இப்போது தொட்டி அங்கேதான் நிற்கிறது.

இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எரிந்தும் இடிந்தும் போன ஒரு இடத்தை, அதில் ஏறி இறங்கியவர்களின் வாய்ச்சொல்லால் அங்குலம் அங்குலமாக மீட்கிறார்கள். ஆவணக் காப்பகம் செய்ய வேண்டிய வேலை பாபகூராவில் ஒரு கராஜில், தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில் நடக்கிறது.

அண்ணையின் யாழ்தேவியை இழுப்பது எம்2 டீசல் இன்ஜின். கனடா 1954 முதல் இலங்கைக்குக் கொடுத்த வகை. அவற்றில் பலவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர் வைத்தார்கள். நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அண்ணையின் அயல்வீட்டுக்காரர் உள்ளே வந்தார். நியூசிலாந்து ரயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். "இது நான் ஓட்டின வண்டியின் அண்ணன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1955ல் நியூசிலாந்து வாங்கத் தொடங்கிய டிஏ வகை டீசலும் இலங்கையின் எம்2வும் ஒரே அமெரிக்க வடிவம், ஜெனரல் மோட்டார்ஸின் ஜி12. அதே 12 சிலிண்டர். இந்த ஊரின் பாலங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஏற்ற மாதிரி உடலைச் சுருக்கிக்கொண்டார்கள். நியூசிலாந்தின் வடதீவில் நீராவி இன்ஜினை வீட்டுக்கு அனுப்பியது இந்த டிஏதான். ஆகவே நீராவிப் பிரியர்களுக்கு அதன் மேல் பழைய கோபம் ஒன்று உண்டு. இவரோ அதன் கேபினிலேயே வாழ்நாளைக் கழித்தவர். பளுவோடு மேடேறும்போது அந்த இன்ஜின் எப்படி முனகும் என்று அவர் வாயால் சத்தம் போட்டுக் காட்ட, அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, "ஓம், மதவாச்சி தாண்டேக்கை இதே சத்தம்தான்" என்றார். ஒருவர் தமிழர், ஒருவர் வெள்ளையர். இருவரும் ஒரே இன்ஜினைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

மதியத்துக்கு முன்பே மூவரும் நீராவி ரயில் பார்க்கக் காரில் கிளென்புரூக்குக்குக் கிளம்பினோம். பாபகூராவிலிருந்து தென்மேற்கே அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியெல்லாம் பசும்புல், மாடுகள், நடுவில் திடீரென்று இரும்பாலைப் புகைபோக்கி. வையுக்கு ஊருக்கு 1922ல் போட்ட கிளைப்பாதையை 1967ல் ரயில்வே மூடியது. இரும்பாலைக்காக அதன் ஒரு பகுதி மட்டும் மறுபடி உயிர்பெற்றது. கிளென்புரூக்குக்கு அப்பால் மிச்சமிருந்த பாதையை எடுத்துக்கொண்டவர்கள் ரயில் ஆர்வலர்கள். 1958ல் ஆக்லாந்தில் தொடங்கிய ரயில் ஆர்வலர் சங்கம் புதர் வெட்டி, ஸ்லீப்பர் மாற்றி, 1977ல் அதில் நீராவி ரயில் விட்டது. கிளென்புரூக் வின்டேஜ் ரயில்வே என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. டிக்கெட் கொடுப்பவர் முதல் டிரைவர் வரை அநேகமாக எல்லோரும் தன்னார்வலர்கள்.

அன்று புகை விட்டுக்கொண்டு நின்றது 480 எண் கொண்ட டேங்க் இன்ஜின். டனீடன் நகரின் ஹில்சைட் பணிமனையில் 1910ல் கட்டியது. பின்னால் தனி டெண்டர் கிடையாது. தண்ணீர்த் தொட்டி இன்ஜினின் இருபக்கமும் ஒட்டியிருக்கும். முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி ஓடும் என்பதால் கடைசி ஸ்டேஷனில் திருப்பிவிடத் தேவையில்லை. ஆக்லாந்து, வெலிங்டன் புறநகர் வண்டிகளை இந்த வகையும் இழுத்தது. காலையில் நாங்கள் நின்ற பிளாட்பாரத்தில் ஒரு காலத்தில் கேட்ட சத்தம் இதுவாகத்தான் இருக்கும்.

கேபினுக்குக் கீழே நின்று பேச்சைக் கேட்டேன். கரியின் தரம், கிளிங்கர் கட்டுவது, சிலிண்டர் கிளாண்டில் கசியும் ஆவி, அடுத்த பாய்லர் சோதனை. நீராவி பிடிக்க முந்தின நாளே நெருப்பு போட வேண்டும். அவசரப்பட்டால் இரும்புத் தகடுகள் ஒரே சீராகச் சூடாகாமல் இழுபட்டு, ஸ்டே கம்பிகள் முறிந்துபோகும். அதனால் மெதுவாக, விறகில் தொடங்கிக் கரிக்கு மாற்றுவார்கள். ஃபயர்மேனாகப் பழகிக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி இன்ஜெக்டரைத் திறந்தாள். தண்ணீர் பாய்லருக்குள் ஏறாமல் கீழே தெறித்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் கைவைக்கவில்லை. "காதால கேளு" என்று மட்டும் சொன்னார். அவள் தண்ணீர் வால்வைக் கொஞ்சம் குறைத்தாள், ஆவியைக் கொஞ்சம் கூட்டினாள். சீறல் அடங்கி, ஒரே சுருதியில் ரீங்காரம் எழுந்தது. இன்ஜெக்டர் பிடித்துவிட்டது. எவ்வளவு திருகினால் பிடிக்கும் என்பதைக் கையேட்டில் எழுதி வைக்க முடியாது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒவ்வொரு மாதிரி. அந்தப் பெரியவருக்கு இன்னொரு பெரியவர் சொன்னது, இப்போது இவளுக்கு வந்து சேர்ந்தது.

நியூசிலாந்து ரயில்வே 1971 அக்டோபரில் வழக்கமான நீராவி வண்டிகளை நிறுத்தியது. அதன்பிறகு பிறந்த பெண் இவள். இங்கே இன்ஜின் துடைப்பதிலிருந்து தொடங்கலாம், பரீட்சை எழுதி ஃபயர்மேன் ஆகலாம், பிறகு டிரைவர். கடையில் வேலை செய்கிறவரோ பள்ளி ஆசிரியையோ, யாருக்கும் வழி திறந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. நீலகிரி மலைரயிலை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இந்திய ரயில்வேயே இன்றும் நீராவியில் ஓட்டுகிறது. திருச்சி பொன்மலைப் பணிமனை 2011க்குப் பிறகு புத்தம்புதிய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களைக் கட்டியே கொடுத்திருக்கிறது. உலகத்தில் எத்தனை அரசு ரயில்வேக்கள் அப்படிச் செய்தன? அந்தக் கைகளை நினைத்தால் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த வித்தை முழுவதும் துறையின் மதிலுக்குள் இருக்கிறது. பொன்மலையிலும் பெரம்பூரிலும் போத்தனூரிலும் கரி இன்ஜின் காலத்து ஃபிட்டர்கள், ஃபயர்மேன்கள், ஷெட் மேஸ்திரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஓய்வுபெற்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்களிடம் "அந்த ஒய்பி இன்ஜினுக்கு இன்ஜெக்டர் எப்படிப் பிடிக்கும்?" என்று கேட்க ஒரு பெஞ்சு, ஒரு ஷெட், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்ததா? மேட்டுப்பாளையத்தில் கேமராவோடு வேலிக்கு வெளியே நிற்கும் நம் பையன்களுக்கு ஆர்வம் இவர்களைவிடக் குறைவில்லை. துடைக்கத் துணி கொடுத்து உள்ளே விடத்தான் ஆளில்லை. குன்னூர் ஷெட்டில் மாதம் ஒரு நாள் அப்படி விட்டுப் பார்க்கலாம்.

வண்டி வையுக்குவுக்குப் போய்த் திரும்பியதும் டிரைவர் இறங்கி வந்தார். நான் நீலகிரியைப் பற்றிச் சொன்னதும் எக்ஸ் வகையின் நான்கு சிலிண்டர்களையும் அவரே வரிசைப்படுத்தினார்: கீழே இரண்டும் சக்கரத்தை ஓட்டும், மேலே இரண்டும் பல்தண்டவாளத்தைப் பற்றும் பல்சக்கரத்தை ஓட்டும், கீழே வேலை செய்த ஆவியே மேலே போய் இரண்டாம் முறை வேலை செய்யும். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் கம்பெனி வடிவமைப்பு என்பதும் தெரிந்து வைத்திருந்தார். "படித்துவிட்டேன். பல்தண்டவாளம் தொடங்கும் இடத்தில் சத்தம் எப்படி மாறும் என்று மட்டும் யாரும் எழுதவில்லை" என்றார்.

கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு அங்கிருந்தே செய்தி போட்டேன்: காலை மேட்டுப்பாளையம் வண்டியில் ஏறி, கல்லாறு தாண்டும்போது பதிவு செய்து அனுப்பு. விழித்திருந்தான் போலிருக்கிறது, உடனே பதில் வந்தது. "அனுப்பறேண்ணா. எந்தப் பெட்டில உக்காரணும்?"

டிரைவரிடம் கேட்டேன். "கடைசிப் பெட்டி. மேலே போகும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும்" என்றார், எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே. அண்ணை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லும் தம்பி" என்றார்.