நிறம் உரைத்த காலம்

நெற்களத்தில் நிற்கும் உழவர் ஒரு பிடி நெல்லைக் கையிலெடுத்த மாத்திரத்தில் இன்ன நெல் என்று பெயர் கூறுவர். நகரத்தில் வளர்ந்த எமக்கோ எல்லாம் நெல்லே. ஒன்றுபோல் தோன்றுவனவற்றுள் வேற்றுமை காணல் பழக்கத்தால் வரும் கல்வி. அக்கல்வியை யாம் பெற்ற இடம் நிலநூற் கூடம்; பெற்ற பொருள், கடலடி வண்டலில் புதைந்து கிடக்கும் நுண்ணிய ஓடுகள்.

கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழும் சிற்றுயிர்களுள் போராமினிபெரா என்பன ஒரு வகுப்பு. அவை அறைமேல் அறையாகச் சுண்ணாம்பு ஓடு கட்டி வாழ்கின்றன. அவற்றின் வாழ்வு முடிந்தபின் ஓடுகள் ஓயாத தூறல்போல் கடலடியிற் சென்று படிகின்றன. ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு சில சென்டிமீட்டர் கனமே வண்டல் சேரும். எனவே அவ்வண்டல் ஏடுகள் அடுக்கிய சுவடியை ஒக்கும். ஆயின் அச்சுவடிக்கு ஏட்டெண் இல்லை. எவ்வேடு எக்காலத்தது என்பதை அவ்வோடுகளையே வினவி அறிதல் வேண்டும்.

அவற்றுள் ஒன்று குளோபிஜெரினாய்டிஸ் ரூபர். 1839ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் டோர்பினி என்பார் இதனை விவரித்து, அதன் செந்நிறம் பற்றிப் பெயரிட்டார். வெப்பக் கடல்களில் வாழும் இதன் ஓட்டிலே, இறுதிச் சுற்றில் மூன்று அறைகள் உருண்டு திரண்டு நிற்கும். இதில் இளஞ்சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரு வகை உண்டு. 2019ஆம் ஆண்டில் மொரார்ட் முதலிய அறிஞர்கள் மரபணுக்களையும் ஓட்டின் உருவையும் ஒப்புநோக்கி, சிவந்ததை ரூபர் ரூபர் என்றும், வெளுத்ததை ரூபர் ஆல்பஸ் என்றும் இரு துணையினங்களாக வகுத்தனர்.

இவ்வேற்றுமையால் காலம் அறியப்படுவது எங்ஙனம்? இந்துமாக்கடலிலும் பசிபிக் மாக்கடலிலும் இளஞ்சிவப்பு வகை ஏறத்தாழ 1,20,000 ஆண்டுகளுக்கு முன் அடியோடு மறைந்தது என்பதைத் தாம்சன் முதலியோர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வெள்ளை வகை இன்றும் அங்கு வாழ்கின்றது. ஆகவே இந்துமாக்கடல் வண்டலை மேலிருந்து கீழாக ஆராய்ந்து செல்வோர், சிவந்த ஓடுகள் தோன்றத் தொடங்கும் ஏட்டில் அவ்வாண்டுக் கணக்கைக் குறிக்கலாம். அட்லாண்டிக் மாக்கடலிலோ சிவப்பு வகையும் இந்நாள்வரை உயிரோடிருக்கின்றது. அங்கே அதனை இக்கணக்கிற்குச் சான்றாகக் கொள்ள இயலாது. ஒரே ஓடு ஒரு கடலிற் சாட்சி. மற்றொரு கடலில் ஊமை.

இந்துமாக்கடல் வண்டல் சிறிது எம் கூடத்திற்கு வந்தபோது, யாம் அதனைக் கழுவி, 0.15 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையிற் சலித்து, கரிய தட்டிற் பரப்பினோம். பூதக்கண்ணாடியின்கீழ், ஈரத் தூரிகையின் நுனியால் ஓர் ஏட்டிற்கு 300 ஓடுகளாகப் பொறுக்கி எண்ணினோம். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும் பாட்டிமாரின் பொறுமை அதற்கு வேண்டும். மூன்றாம் நாள், வெள்ளைக் கூட்டத்தினிடையே ஒரே ஓர் இளஞ்சிவப்பு ஓடு தென்பட்டது. "ஐயா, இவ்வேட்டிலேயே எல்லையைக் குறித்துவிடலாமே" என்றார் எம் தோழர் ஒருவர். "ஒன்றுதானே, தள்ளிவிடலாம்" என்றார் மற்றொருவர்.

ஆசிரியர் இரண்டிற்கும் இசைந்திலர். "கண்டதைக் கண்டவாறு எழுதுங்கள்; பொருள் கூறுவதற்குமுன் கீழேடுகளையும் பாருங்கள்" என்றார். கடலடியில் வளை தோண்டும் புழுக்கள் பழைய ஓட்டை மேலே கொணர்தல் உண்டு என்றும், நெடுங்காலம் புதைந்த ஓட்டில் நிறம் மங்குதலும் உண்டு என்றும் விளக்கினார். யாம் தொடர்ந்து எண்ணினோம். நான்கு விரற்கிடை கீழே சிவந்த ஓடுகள் பலவாயின. எல்லை அங்கே குறிக்கப்பட்டது. மேலே கண்ட ஒன்றும் கணக்கில் தன் இடத்திலேயே நின்றது.

நான்கு விரற்கிடைக்கு இத்துணை வழக்கு எதற்கு என்பார்க்கு விடை உண்டு. அது சில ஆயிரம் ஆண்டுகளின் அளவு. சிவப்பு வகை மறைந்த காலத்தையொட்டிப் பூமி வெப்பமுற்றிருந்தது. கடல்மட்டம் இன்றையினும் 5 முதல் 10 மீட்டர்வரை உயர்ந்து நின்றது. இன்று மீண்டும் வெப்பம் ஏறிவரும் நாளில், அக்காலத்துக் கடலின் நிலையை அறிஞர் நாடுவது கரையோரத்து வாழும் கோடிக்கணக்கான மக்களின் பொருட்டே. எல்லை பிறழ்ந்தால் வெப்பக் காலத்துச் செய்தியைக் குளிர் காலத்ததாகப் படிக்க நேரும்.

சிவப்பையும் வெள்ளையையும் பிரிக்க ஒரு நல்ல கண் போதும். எந்தக் கடல், எந்த ஆழம், எத்தனை என்று வினவுதற்கே பயிற்சி வேண்டும். அவ்வோடுகள் ஒட்டிய தட்டு எம் கூடத்துப் பேழையில் இருக்கின்றது. காண விழையும் மாணவ நண்பர்கள் வருக. பூதக்கண்ணாடியும் ஒரு நாற்காலியும் அங்கே உள.