கமராவும் ஒரு தர்மம்

ஏறாவூரிலிருந்து வந்தாறுமூலைக்குப் பஸ்ஸில் போகும்போது, "மகாபொலக் காசு வந்தா கமரா வாங்குவீங்களா ராத்தா?" என்று கேட்டேன்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ராத்தா சிரித்தார். "சாப்பாட்டுக்கும் போட்டோகொப்பிக்குமே காணாது புள்ள."

1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மகாபொல நிதியம் எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது. ஆனால் கமரா வாங்க அது போதாது. ராத்தா இரவல் கமராவில்தான் வாவித் தோணிகளைப் படம் பிடிப்பார். புகைப்படப் போட்டிகளில் பரிசு உண்டு. அந்தப் பரிசு படம் எடுத்த பிறகு வருவது. கமராவோ அதற்கு முன்னமே வேண்டும்.

அண்மையில் அலெக்ஸியா சைரிஸ் என்ற மாணவியைப் பற்றி வாசித்தேன். அமெரிக்காவின் சிரகியூஸ் பல்கலைக்கழகத்தில் புகைப்பட இதழியல் படித்தவர். 1988 டிசம்பர் 21ஆம் திகதி, லண்டனிலிருந்து வீடு திரும்பும் வழியில், ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி வானில் விமானத்தில் குண்டு வெடித்தது. இறந்த 270 பேரில் அவரும் ஒருவர். பெற்றோர் அழுகையோடு நின்றுவிடவில்லை. மகளின் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். மாணவர்கள் இனி எடுக்கப்போகும் படங்களுக்கும் அது உதவித்தொகை கொடுத்தது.

நம் ஊரிலும் மௌத்தானவர்களின் பெயரால் கிணறு கட்டுகிறார்கள். பள்ளிவாசலுக்கு மின்விசிறி கொடுக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஒரு கமராவையும் அப்படிக் கொடுத்தால் என்ன? வருடாவருடம் ஒரு மாணவியின் கையில் அது இருக்கும். பயனுள்ள கல்வியும் ஸதகதுல் ஜாரியாதானே!

இதை ராத்தாவிடம் சொன்னேன். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. "முதல்ல யார்ட்ட கேக்கலாம்?" என்றார்.