குமராட்சி சாலையில் ஆழ்வார்க்கடியான்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. நம் புதல்விக்கு ஒரு பாட்டியம்மாள் தயவால் அது கிட்டிற்று. நாம் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தோம். குழந்தை மடியில் நோட்டுப் புத்தகத்தை விரித்து, கரித்துண்டால் எதையோ கிறுக்கினாள். எட்டிப் பார்த்தோம். கறுப்பாக ஒரு சுழல். அதன் உச்சியில் ஒரு முன்குடுமி. பக்கத்தில் ஒரு தடி. முகமே கிடையாது!

"ஆழ்வார்க்கடியான், அப்பா!" என்றாள்.

"மணியம் போட்ட படம் வீட்டிலே இருக்கிறதே! அதைப் பார்த்து ஒழுங்காகப் போடக் கூடாதா?" என்று கடிந்துகொண்டோம். நோட்டு மூடிற்று, வாயும் மூடிற்று.

குமராட்சியில் பாதிக் கூட்டம் இறங்கியது. அவளருகே அமர்ந்தோம். இருபுறமும் பச்சை வயல், தெற்கே கொள்ளிடம், மேற்கே போகப் போக வீராணம், அதாவது பராந்தக சோழன் பெயர் தாங்கிய வீரநாராயண ஏரி. 'பொன்னியின் செல்வன்' கதை 1950-ல் 'கல்கி'யில் தொடங்கியபோது, வந்தியத்தேவன் குதிரையேறி வந்தது அந்தக் கரைக்குத்தான். அவனுக்கும், நாமம் துலங்கக் குறுந்தடியுடன் வாதப்போர் புரிந்த குட்டை மனிதர் ஆழ்வார்க்கடியானுக்கும் முதலில் உருவம் தந்தவர் ஓவியர் மணியம். நம்மைப் பொறுத்தவரை அந்த உருவமே சாசனம்.

ஆனால் அப்பத்திரிகையே கதையை மறுபடி வெளியிட்டபோது வினுவும், பின்னர் பத்மவாசனும் வேறு விதமாய் வரைந்தார்கள். 2022-ல் திரையில் ஜெயராம் குடுமியுடன் தோன்றினார், நாமும் கைதட்டினோம். அமெரிக்காவில் லிச்டென்ஸ்டைன் என்பவர் 1961-ல் மிக்கி எலியையும் டொனால்டு வாத்தையும் பெரிய திரைச்சீலையில் ஏற்றினார். புரூக்ளினில் வளர்ந்த சித்ரா கணேஷ், 'அமர் சித்திரக் கதை'ப் பெண்களை 2002-ல் எடுத்தாண்டு, அடங்கி நின்றவர்களைத் தம் இஷ்டப்படி பேசவும் சீறவும் வைத்தார். இவற்றையெல்லாம் மெச்சிப் படித்த நாம், சொந்தக் குழந்தையின் கரிக்கோட்டைக் கண்டு ஏன் சீறினோம்?

யோசித்தால், ஆழ்வார்க்கடியானிடம் நமக்கு நினைவிருப்பது முகமா? குடுமியும் தடியும், ஓயாத சண்டையுந்தானே! அந்தச் சுழல் சண்டையே அல்லவா?

ஏரிக்கரையில் இறங்கினோம். காற்று வேஷ்டியைப் பிடுங்கியது. குழந்தை மதகருகே குந்தி, மறுபடி கரித்துண்டை எடுத்தாள்.

"நோட்டைக் கொஞ்சம் காட்டு, அம்மா" என்றோம், கூடியவரை பணிவாக.

"இன்னும் முடியலை" என்று அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.