கிளென்மார்கன் குளிரும் ஒரு எஃப்டிபி சர்வரும்

ரெண்டு நாள் லீவுல ஊருக்கு வந்திருக்கேன். ஊர்னா ஊட்டி பக்கத்துல கிளென்மார்கன். தேயிலைத் தோட்டம், ஒரு சின்ன அணை. கீழே சிங்காராவுல 1932-ல ஆரம்பிச்ச பவர் ஹவுஸுக்கு இங்கேயிருந்துதான் தண்ணி இறங்குது. செல்போனை சமையக்கட்டு ஜன்னல்ல வச்சாதான் நெட்டு.

வெள்ளிக்கிழமை கிளம்புற அவசரத்துல ஒரு ஆணி புடுங்கிட்டு வந்தேன். இருபது கடைங்க தினமும் பில் ஃபைல் அனுப்ப ஒரு எஃப்டிபி சர்வர். ஒவ்வொரு கடைக்கும் லினக்ஸ்ல யூசர் போட்டா, கடை மாறும்போதெல்லாம் நாமதான் ரூட்டா போய் உட்காரணும். அதனால ப்ரோஎஃப்டிபிடி, பின்னாடி மைஎஸ்க்யூஎல். ஒரே டேபிள்ல பேரு, பாஸ்வேர்ட் ஹாஷ், யூஐடி, ஹோம், ஷெல் எல்லாம். ஒரு கடையை நிறுத்தணுமா, ஒரு வரி அப்டேட் போதும்.

முதல்ல எவனுக்கும் லாகின் ஆகலை. 530, 530, 530! பாஸ்வேர்டை சந்தேகப்பட்டே ஒன்றரை மணி நேரம் போச்சு. ஷெல்லுக்கு நான் போட்ட நோலாகின், சர்வர் ஒத்துக்குற ஷெல் பட்டியல்ல இல்லை. அவ்ளோதான் விஷயம். ரிக்வயர்வேலிட்ஷெல்லை ஆஃப் பண்ணதும் கதவு திறந்துச்சு. சந்தோஷமா பஸ் ஏறிட்டேன். சனிக்கிழமையே கடைங்க ஃபைல் அனுப்ப ஆரம்பிச்சாச்சு.

இன்னைக்கு காலையில டீ குடிச்சுக்கிட்டே, சும்மா ஒரு கடை பேர்ல உள்ளே போய் மேல் ஃபோல்டருக்கு ஏறினேன். இருபது கடையும் வரிசையா நிக்குது! அடுத்த கடை பில்லைத் திறந்தா திறக்குது. வயித்தைக் கலக்கிடுச்சு.

டேபிள்ல இருபது பேரு. ஆனா எல்லாருக்கும் நான் கொடுத்தது ஒரே யூஐடி. லினக்ஸ் பேரைப் பார்க்காது, நம்பரைத்தான் பார்க்கும். அதுக்கு இருபது பேரும் ஒரே ஆள். ஒவ்வொருத்தரையும் அவங்கவங்க ஹோமுக்குள்ளேயே அடைக்கிறது டிஃபால்ட்ரூட்னு ஒரே ஒரு வரி. நான் விட்டது அந்த வரியைத்தான்.

அதைச் சேர்த்து ரீஸ்டார்ட் பண்றதுக்குள்ள நாலு தடவை நெட் கட். "ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு?"ன்னு அம்மா. டிரான்ஸ்ஃபர் லாகை முழுக்க படிச்சேன். யாரும் அடுத்தவன் ஃபைலை எடுக்கலை. சும்மா எட்டிப் பார்த்திருந்தா அதுல வராது, அதுதான் உறுத்துச்சு. சொல்லாம விட்டா யாருக்கும் தெரியப் போறதில்லை. அரை மணி நேரம் கழிச்சு டேமேஜருக்குப் போன் போட்டுட்டேன்.

அவர் திட்டலை. ஒரே கேள்விதான்: "பாஸ்வேர்டு ஒயர்ல எப்படிப் போகுது?"

ஹாஷ் எல்லாம் டேட்டாபேஸுக்குள்ள மட்டும்தான். எஃப்டிபி 1985-ல வந்த ஆர்எஃப்சி 959 காலத்து ஆளு, ஒயர்ல பாஸ்வேர்டை அப்படியே பச்சையா அனுப்பும். அதனால அதே டேபிளை வச்சு எஸ்எஃப்டிபிக்கு மாத்திட்டேன். இருபது பாஸ்வேர்டையும் புதுசா போட்டு, ஒவ்வொரு கடைக்கா கூப்பிட்டுச் சொல்லணும். பனிமூட்டம் இறங்கிடுச்சு, நான் ஜன்னலை விட்டு நகரலை. இதுவரைக்கும் பதினொண்ணு முடிஞ்சிருக்கு.