ஒரு வொஷர் அளவு இறப்பர்

எங்க லயத்துப் பீலியில இருக்கிற டெப் மூணு மாசமா வாய் மூடல. எவ்வளவு இறுக்கித் திருகினாலும் சொட்டிக்கிட்டே இருக்கும். லீவுக்கு வீட்டுக்குப் போன முதல் ராத்திரி தூக்கம் வராம ஒரு லீற்றர் போத்தலைக் கீழ வச்சுப் பார்த்தேன். 20 நிமிஷத்தில நிறைஞ்சிருச்சு. அப்படின்னா ஒரு நாளைக்கு 72 லீற்றர்! விடியக்காலையில நாங்க குடத்தோட வரிசையில நிக்கிறோம், தண்ணி பின்பக்க மண்ணுக்குள்ள போகுது.

புளத்கொகுபிட்டியக்காரங்களுக்கு ஊறின மண் சின்ன விஷயமில்ல. 2016 மே மாதம் அரநாயக்கவில மலை சரிஞ்ச அதே மழையில, இங்க களுபான தோட்டத்திலயும் மண் சரிஞ்சு உயிர்கள் போச்சு. ஒரு டெப் சொட்டி மலை சரியாதுன்னு அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் மழை ராத்திரியில அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு அவங்களால தூங்க முடியல.

ஆபீசில சொல்லியாச்சு. "பார்ப்போம்" என்பதுதான் பதில். நாமளே செய்வோமான்னு கேட்டா, "லயம் என்ன நம்ம பேர்லயா இருக்கு?" என்றாங்க அம்மா.

கொழும்பில ஒரு ஹோட்டல் பார்ல வேலை செய்யிற அண்ணனுக்குக் கோல் எடுத்தேன். அவன் சிரிச்சான். "தங்கச்சி, எனக்கு இங்க பீர் டெப்போட தினமும் இதே சண்டைதான். முதல்ல எங்க கசியுதுன்னு பாரு. வாயிலயா, கழுத்திலயா?"

பீர் டெப் கழுத்தில கசிஞ்சா, டெப்பும் பின்னால வர்ற குழாயும் சேர்ற இடத்து வொஷர் போயிருக்கும், இல்லாட்டி அந்த மூட்டு தளர்ந்திருக்கும். வாயில சொட்டினா உள்ள இருக்கிற அடைப்பைப் பார்க்கணும். வழக்கமான பீர் டெப்பில அந்த அடைப்பு பின்பக்கம் இருக்கு. மூடினதுக்கு அப்புறம் வாய்ப்பகுதியில தங்கின பீர் காத்துப் பட்டுக் காஞ்சு பிசினாகி, அடைப்பை ஒழுங்கா உட்கார விடாது. அழுத்தத்தை நிப்பாட்டிட்டு, கழட்டிக் கழுவி, தேஞ்ச வொஷரை மாத்தினா சரியாகும். நிப்பாட்டாம கழட்டினா பீர்ல குளிக்கலாம்.

எங்க டெப்பில பீர் இல்ல, மணல்தான். கசிவு வாயில. மேல இருக்கிற வோல்வைப் பூட்டி, டெப்பைத் திறந்து மீதித் தண்ணியை விட்டேன். பக்கத்துக் காம்பரா மாமாவோட ஸ்பெனரால தலைப்பகுதியைக் கழட்டினேன். "கெம்பஸ்ல இதுவா படிப்பிக்கிறாங்க?" என்று மாமா கேட்டார்.

உள்ள இருந்த வொஷர் கல்லு மாதிரி இறுகி, நடுவில பள்ளம் விழுந்து கிடந்தது. அப்பதான் புரிஞ்சுது. சொட்டுதேன்னு ஆளாளுக்கு இன்னும் பலமா இறுக்கி, நாங்களே அதைச் சீக்கிரம் நசுக்கியிருக்கோம். வொஷர் உட்கார்ற இடத்து மணலைத் துணியால துடைச்சேன். அந்த இடம் அரிச்சிருந்தா புது வொஷர் போட்டாலும் சொட்டும். நல்லவேளை, வழவழன்னு இருந்தது.

டவுன் ஹார்ட்வெயார்ல வொஷர் பைக்கட் ஒன்னு வாங்கினேன். ஒரு பிளேன்டீயும் வடையும் விலைதான்.

அம்மா இருபது வருஷமா இறப்பர் பால் வெட்டுறாங்க. 1876இல கியூ தோட்டத்தில இருந்து கப்பல்ல வந்த இறப்பர் கன்றுகளை கம்பஹாவுக்குப் பக்கத்தில ஹெனரத்கொடையில நட்டாங்க. அப்புறம் இறப்பர் எங்க கேகாலை மலையெல்லாம் ஏறிருச்சு. அந்த மரங்களை விடியமுன்ன வெட்டப் போறவங்க, நகத்தளவு இறப்பர் இல்லாம மூணு மாசம் தூங்கல.

அன்னைக்கு ராத்திரி சத்தம் நின்னுருச்சு. அம்மா நடுச்சாமத்தில எழும்பி, டோர்ச் அடிச்சுப் பார்த்துட்டு வந்து படுத்தாங்க.

லயம் யார் பேர்லன்ற கேள்வி அப்படியேதான் இருக்கு. அதை ஸ்பெனரால திருக முடியாது. ஆனா மறுநாள் காலையில கீழ் லயத்து அக்கா குடத்தோட வந்து, "எங்க டெப்பையும் கொஞ்சம் பாரும்மா" என்றாங்க. பைக்கட்ல இன்னும் ஒன்பது வொஷர் இருந்தது. மாமாக்கிட்ட ஸ்பெனரைத் திருப்பிக் கொடுக்காமலே கீழ இறங்கினேன்.