அண்ணனுக்கு இப்போது என் ரத்த குரூப்!

ரமணாசிரமத்திலிருந்து சில கடைகள் தள்ளி, செங்கம் சாலையில் அம்மா டீக்கடை வைத்திருக்கிறார். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்கு விடிய விடிய டீ ஆற்றுவார். அந்த ஒரு ராத்திரி வியாபாரத்தில்தான் கடை வாடகையே வரும். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பௌர்ணமிக்கு கடை மூடிக்கிடந்தது. அன்று நாங்கள் மூன்று பேரும் வேலூரில் இருந்தோம்.

அண்ணன் ஆட்டோ ஓட்டுபவன். விடாத காய்ச்சல், பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பரிசோதித்ததில் ரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கியது. ஆனால் திரும்ப வரக்கூடிய ரகம், ஸ்டெம் செல் மாற்று செய்துவிடுவது நல்லது என்றார் டாக்டர்.

கூடப்பிறந்தவர்களுக்குள் முழுசாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புதான். எங்கள் ரிசல்ட் வந்தபோது ஆபீஸில் ராசிபலன் ஏற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் ராசிக்கு 'நல்ல செய்தி வரும்' என்று சற்றுமுன்தான் டைப் செய்திருந்தேன். போனைத் திறந்தால், பாதிப் பொருத்தம். பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

"பாதி போதும்மா" என்றார் டாக்டர்.

ஒரு காலத்தில் போதாது. இந்தியாவில் முதல் வெற்றிகரமான மஜ்ஜை மாற்று 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. வேலூர் சி.எம்.சி. 1986-ல் தொடங்கியது. அப்போதெல்லாம் முழுப் பொருத்தமுள்ள அண்ணன் தம்பி, அக்கா தங்கை கிடைத்தால்தான் உண்டு. பாதிப் பொருத்தத்தில் கொடுத்தால், தானம் தந்தவரின் செல்கள் நோயாளியின் உடம்பையே அந்நியமாக நினைத்துத் தாக்கும். இதை வழிக்குக் கொண்டுவந்தது சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய கீமோ மருந்து. மாற்று முடிந்த மூன்றாம், நான்காம் நாளில் அதைக் கொடுத்தால் தாக்கக் கிளம்பும் செல்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. விலையும் குறைவு. அதனால் அப்பா, அம்மா, பிள்ளை என்று பாதிப் பொருத்தக்காரர்கள் தானம் தருவது இங்கேயும் கூடிக்கொண்டே போகிறது.

டாக்டர் சம்மதித்துவிட்டார். அம்மாதான் சம்மதிக்கவில்லை.

"முதுகெலும்புல ஊசி போட்டு உறிஞ்சுவாங்களாமே. நாளைக்கு உன்னைப் பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட நான் என்னடி சொல்றது?" ஒருபக்கம் மகன், ஒருபக்கம் மகள். அவர் மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ, "பொம்பளப் புள்ள உடம்பைக் கெடுக்கணுமா?" என்று கேட்டபோது வந்தது.

மனதை மாற்றியது கடைக்கு வருகிற ஒரு ஜெர்மன்காரம்மா. வருடா வருடம் குளிர்காலத்தில் ஆசிரமத்துக்கு வருபவர், சர்க்கரை இல்லாத இஞ்சி டீ. விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கைகளையும் நீட்டி முழங்கை மடிப்பைக் காட்டினார். முன்பு, முன்பின் தெரியாத ஒருவருக்கு ஸ்டெம் செல் கொடுத்திருக்கிறாராம். "இங்கேதான் ஊசி. முதுகில் இல்லை. அப்புறம் எனக்கு ரெண்டு பிள்ளை பிறந்தது." அவருடைய நாட்டில் 1991-லேயே இதற்காகப் பெரிய பதிவேடு தொடங்கிவிட்டார்கள். நம் சென்னையில் 'தாத்ரி' 2009-ல்தான் வந்தது. அம்மாவுக்கு வருடக்கணக்கெல்லாம் காதில் ஏறவில்லை. ரெண்டு பிள்ளை மட்டும் ஏறியது.

இப்போது இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுப்பது குறைந்துவிட்டது. ஐந்து நாள் ஊசி போட்டு, மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் வரவைக்கிறார்கள். அந்த நாட்களில் இடுப்பும் முதுகும் நன்றாகவே வலித்தன. வலியே இல்லை என்று எழுதினால் பொய். பிறகு இரண்டு கையிலும் ஊசியோடு நாலு மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுத்திருந்தேன். மூக்கு அரித்தபோது அம்மாதான் சொறிந்துவிட்டார். தக்காளி ரசம் நிறத்தில் ஒரு பை சேர்ந்தது.

அதை ரத்தம் ஏற்றுகிற மாதிரியே அண்ணனுக்கு ஏற்றினார்கள். "இவ்வளவுதானா?" என்றான். அதற்குப் பிறகுதான் கஷ்டமே. வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியாது. வெள்ளை அணுக்கள் அடியோடு இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அம்மா. பதினெட்டாம் நாள் அணுக்கள் ஏறத் தொடங்கின. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பாதி பாரம் குறைந்தது. மீதிக்கு அம்மாவின் வளையலும் என் பைக்கும் போயின.

குழந்தையில் போட்ட தடுப்பூசிகளை அவனுக்குத் திரும்பவும் போட வேண்டியிருந்தது. பழைய எதிர்ப்புச் சக்தி எல்லாம் போய்விட்டதே! முப்பத்தோரு வயதில் ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோலில் அவ்வப்போது அரிப்பு வருகிறது. என் செல்கள் அவனோடு இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை. "நீ எப்பவும் சண்டைக்காரிதானே" என்கிறான்.

அவன் ஓ பாசிட்டிவ், நான் பி பாசிட்டிவ். இப்போது அவனும் பி. டிரைவிங் லைசென்ஸில் மட்டும் பழைய குரூப்தான் இருக்கிறது. அடுத்த மாதம் வேலூரில் பரிசோதனை. "அது நல்லபடியா வரட்டும், மாத்திக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான். அம்மா அந்த லைசென்ஸை வாங்கி, கடையில் சில்லறை டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார்.